வற்றிய வாய்க்கால்

கண்ணாத்தாளுக்கு வெற்றிலைக் கொடியைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. தன் உடம்பைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது. பரமத்தி வேலூர்ப் பக்கம் அரை ஏக்கர் கொடிக்கால்; கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதற்குள் கால் வைத்திருக்கிறாள். காய்ச்சலோடுகூட வெற்றிலை கிள்ளியவள், ஐம்பத்து நாலு வயதில் நாமக்கல் ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"பயப்படாதீங்கம்மா. மார்ல பால் வர்ற குழாய், உங்க தோட்டத்து வாய்க்கால் மாதிரி. புற்று அந்த வாய்க்காலுக்குள்ளதான் இருக்குது," என்றார் டாக்டர் வித்யா. நல்ல சேதி சொல்கிற முகம். சதையைப் பரிசோதித்ததில் அது பெண் ஹார்மோனைக் குடித்து வளர்கிற ரகம் என்றும், ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரை போட்டால் மறுபடி வராமல் தடுக்க உதவும் என்றும் இன்னும் ஏதேதோ சொன்னார். வாய்க்கால் என்ற சொல்லோடு கண்ணாத்தாளின் காது அடைத்துக்கொண்டது.

அடைக்காமல் என்ன செய்யும்? ஒரு கொடி வாடினால் பிடுங்கி எறிந்துவிடலாம். வாடல் நோய் வாய்க்கால் தண்ணீரில் இறங்கிவிட்டால் தோட்டமே போயிற்று என்று அர்த்தம். போன மழைக்காலத்தில் மேல்பாத்தி முழுக்க அப்படித்தான் போனது. புருஷன் சென்னியப்பன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழுதார். இந்த டாக்டரம்மா அதையே சிரித்த முகமாகச் சொல்கிறாரே, என்ன மனுஷி இவர்!

வீட்டுக்கு வந்ததும் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"ஏங் கண்ணு, அந்தம்மா நல்லபடியாத்தான சொன்னாங்க?" என்றார் சென்னியப்பன்.

"வாய்க்கால்ல எறங்குனது எங்கீங்க நல்லபடியா ஆயிருக்குது? நீங்க பாக்காததுங்களா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். பாவம், அவரும் கொடிக்கால்காரர்தானே. மறுநாள் அவள் பெட்டியைத் திறந்து, தன் கல்யாணத்துக் கூறைப்புடவையை எடுத்து மருமகள் தனப்பிரியாவிடம் கொடுத்தாள்.

"நீயே வெச்சுக்க சாமி."

எதற்கு, ஏன் என்று அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. கொடுத்தவள் பெட்டியை மூடினாள். சாக அவளுக்கு ஆசையா என்ன?

வேண்டாம் என்றாலும் நேரில் சொல்வதுதான் மரியாதை. புருஷனோடு ஒரு கட்டு வெற்றிலையும் எடுத்துக்கொண்டு நாமக்கல் பஸ் ஏறினாள்.

"வாய்க்கால்ல போனது ஒடம்பு பூராப் போயிருக்குமுங்க. மார மட்டும் அறுத்து என்னங்க புண்ணியம்?" டாக்டரிடம் கேட்டு முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

டாக்டர் குழம்பிப்போனார். சென்னியப்பன் மேல்பாத்தி போன கதையைச் சொன்ன பிறகுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது.

"கடைசியா எப்பம்மா பால் குடுத்தீங்க?"

"எம் பையன் குணசீலனுக்குங்க. அவனுக்கே முப்பது வயசாகுதுங்க."

"அப்ப அது எப்பவோ வத்துன வாய்க்கால். மார்க்காம்புல வந்து முடியுமே தவிர உடம்புக்குள்ள எங்கயும் போகாது. புற்று உள்ளுக்குள்ளயே கிளை கிளையா ஊர்ந்திருக்குது. கரையை உடைச்ச மாதிரி தெரியலை. உடைச்சாத்தான் வெளிய பரவும். முழுசா எடுத்துப் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். அதான் சீக்கிரம் எடுக்கலாங்கறேன்."

கண்ணாத்தாள் புருஷனைப் பார்த்தாள். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வத்துன வாய்க்கால்ல நோவு எப்படீங்க வந்துச்சு?"

"அது எனக்கும் தெரியலைம்மா."

இவருக்கே தெரியவில்லையா! ஆனாலும் கரை உடையவில்லை என்பது மட்டும் மனதில் நின்றது. வெற்றிலைக் கட்டை மேஜைமேல் வைத்தாள்.

"எடுத்துருங்க," என்றாள். பிறகு சென்னியப்பன் பக்கம் திரும்பினாள்.

"ஊட்டுக்கு ஃபோனப் போடுங்க. அந்தக் கூறைப்பொடவைய மறுபடி பெட்டிலயே வெக்கச் சொல்லுங்க. எனக்கு வேணும்."