பாகம் பிரித்த கம்ப்யூட்டர்

போன செவ்வாய்க்கிழமை மதியம், காரைக்குடியில் ஒரு பெயிண்ட் கடைக்குள் போய், முன்பின் தெரியாத ஒருவரிடம் சிலேட்டு கேட்டேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"பெயிண்ட் கடையில வந்து சிலேட்டு கேக்குறியேம்மா," என்றார் கடைக்காரர் நாச்சியப்பன் அண்ணன்.

"கடையில இல்லண்ணே. கானாடுகாத்தான் வீட்டுல உங்க அறையில கெடக்காம்ல... வயர் தொங்குற பிளாஸ்டிக் சிலேட்டு. அது."

முகம் மாறிவிட்டது. "சோலை அனுப்புனானா?"

என்ன சொல்வது? அனுப்பவும் இல்லை, அனுப்பாமலும் இல்லை.

கொஞ்சம் பின்னால் போகிறேன். வாயை விட்டது நான்தான், இதே பத்தியில், போன வாரம். 'நாற்பது வயது கம்ப்யூட்டரில் கையால் படம் வரைந்து காட்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்' என்று எழுதிவிட்டேன். நானும் மூன்று நண்பர்களும் ஒரு சின்ன மண்டபத்தைப் பிடித்து நடத்தும் பழைய கம்ப்யூட்டர் கண்காட்சி அது. வாட்ஸ்அப்பில் பதில்கள் வந்து குவிந்தன. காளையார்கோவிலில் இருந்து ஒரு டீச்சர், ஆறு பிள்ளைகளோடு பஸ் ஏறி வருகிறேன் என்கிறார். வருகிறவர்களுக்குக் காட்ட என்னிடம் பாதிதான் இருந்தது.

மிச்சப் பாதி — டச் டேப்ளட். உடனே உங்கள் வீட்டு டேபை நினைக்காதீர்கள். இதில் திரை கிடையாது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் பலகை, மேல் ஓரத்தில் இரண்டு பட்டன், வால் மாதிரி ஒரு வயர். அவ்வளவுதான். பலகையில் அழுத்தி இழுத்தால் டிவியில் கோடு ஓடும். வீடுகளுக்கு மவுஸ் வருவதற்கு முன்பே, ஜாய்ஸ்டிக் சொருகும் இடத்தில் இதைச் சொருகிப் பிள்ளைகள் படம் வரைந்திருக்கிறார்கள். மொத்தம் பதினாறு நிறம். முழுத் திரையின் புள்ளிகளையும் எண்ணினாலும், உங்கள் வாட்ஸ்அப் புரொஃபைல் படத்துக்குக் காணாது. அதற்குள் பூ, வீடு, ராக்கெட் எல்லாம் வரைந்தார்கள் என்றால்... எனக்குப் பைத்தியம் பிடித்ததில் என்ன தப்பு?

கம்ப்யூட்டரைக் கொடுத்தவர் சோலையப்பன் அண்ணன். பாலிடெக்னிக்கில் கணக்கு வாத்தியார். படம் வரையும் புரோகிராம் ஒரு கார்ட்ரிட்ஜில், கேசட் மாதிரி சொருகுகிற டப்பாவில், இருந்தது. பின்னால் சொருகி ஆன் செய்தேன். மெனு வந்தது — கோடு, வட்டம், நிறம் ஊற்றுவது, எல்லாம். நாற்காலியில் இருந்து குதித்தேன்.

"பலகை எங்கண்ணே?"

"அது இளைய வீட்டுப் பங்குல போயிருச்சு."

சோலை அண்ணனும் நாச்சி அண்ணனும் பெரியப்பா மகன், சித்தப்பா மகன். இந்தக் கம்ப்யூட்டர் அவர்கள் தாத்தா சிங்கப்பூரில் இருந்து கொண்டுவந்தது. பிறகு வீட்டுச் சாமான்களைப் பாகம் பிரித்தபோது அண்டா, எனாமல் தூக்கு, மரப்பெட்டி என்று எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி, உருப்படி உருப்படியாக எண்ணி எழுதியிருக்கிறார்கள். எழுதிய பெரியவருக்கு இது ஒரே சாமான் என்று எப்படித் தெரியும்? 'டைப் மிஷின் மாதிரி ஒன்று — மூத்த வீடு. பிளாஸ்டிக் சிலேட்டு ஒன்று — இளைய வீடு.' ஆளுக்கு ஒன்று. வஞ்சகமே இல்லை. ஒரு கம்ப்யூட்டரை இவ்வளவு நேர்மையாக உலகத்தில் வேறு யாரும் ஒன்றுக்கும் உதவாமல் ஆக்கியிருக்க முடியாது.

அதோடு விட்டதா? அப்புறம் கானாடுகாத்தானில் இருக்கும் அந்தப் பூர்வீக வீட்டை ஹோட்டலுக்கு விடலாம் என்றார் நாச்சி அண்ணன். கூடாது என்றார் சோலை அண்ணன். வீடு ஹோட்டலும் ஆகவில்லை, வீடாகவும் இல்லை. பூட்டிக் கிடக்கிறது. இருவருக்கும் பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை.

எனவே பெயிண்ட் கடையில் கிடைத்த பதில், "அவன் வந்து கேக்கட்டும்."

சோலை அண்ணனிடம் ஓடினேன். "என் பங்கை நான் குடுத்துட்டேன்ல? அவன் பங்கை நான் எதுக்குக் கேக்கணும்?"

வியாழக்கிழமை மறுபடி கடை. வெள்ளிக்கிழமை மறுபடி பாலிடெக்னிக். நடுவில், ஜாய்ஸ்டிக்கை வைத்து ஒரு மாங்காய் வரைந்து பார்த்தேன். செங்கல் வந்தது.

"லேப்டாப்பையே பழைய கம்ப்யூட்டர் மாதிரி ஓட வைக்கிற எமுலேட்டர் போட்டு, மேசைக்கு அடியில ஒளிச்சு வச்சிரு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் தோழி தர்ஷினி.

"எனக்குத் தெரியுமேடி."

"உனக்கு ரொம்பத்தான்."

ஆமாம், ரொம்பத்தான். சனிக்கிழமை காலையில் மூன்றாவது தடவையாகப் பெயிண்ட் கடைக்குப் போனேன்.

"அண்ணே, நீங்க குடுக்கவே வேண்டாம். உங்க பங்கு உங்க கையிலயே இருக்கட்டும். நீங்க அதைப் பிடிச்சுக்கிட்டு வந்து உக்காருங்க. வயரை மட்டும் நான் சொருகிக்கிறேன்."

டப்பாவைக் கலக்கிக்கொண்டிருந்த கை நின்றது. "வயர் மட்டுமா?"

"வயர் மட்டும்."

யோசித்தார். "நாளைக்கு ஒரு மணிக்குத்தான் கடையை அடைப்பேன்," என்றார். கடைசியில் ஒரு வழியாக...

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நாற்பது பேர் இருக்கும். சோலை அண்ணன் காலையிலேயே வந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணிக்கு நாச்சி அண்ணன் ஒரு மஞ்சப்பையோடு வந்தார். வயர் மூன்றடி. அதற்கு மேல் நாற்காலியைத் தள்ளிப் போட முடியாது. முழங்கால் இடிக்க இடிக்க உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

சொருகினேன். திரையில் அம்புக்குறி வந்தது. வந்து, குளிர்காய்ச்சல் கண்ட மாதிரி நடுங்கியது. டீச்சரின் பிள்ளைகள் என்னையே பார்த்தன.

"கழட்டலாமாண்ணே?"

"கழட்டு. நாலு ஸ்க்ரூவும் திரும்ப வரணும்," என்றார் நாச்சி அண்ணன்.

உள்ளே இரண்டு மெல்லிய தாள். அழுத்தினால் ஒன்றையொன்று தொடும், அந்த இடத்தைக் கம்ப்யூட்டர் தெரிந்துகொள்ளும். நடுவில் இத்தனை வருடத் தூசி. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, மூடி, மறுபடி சொருகினேன். நடுக்கம் நின்றது.

"எழுதுற குச்சி எங்கண்ணே?" என்றேன்.

அது யார் பங்கில் போனதோ. சோலை அண்ணன் சட்டைப்பையில் இருந்து மூடிபோட்ட பேனாவை எடுத்தார். பலகை நாச்சி அண்ணன் மடியில். பட்டனை அழுத்திக்கொண்டு இழுத்தால்தான் கோடு விழும், விட்டால் அம்புக்குறி சும்மா நகரும். பட்டனில் இருந்ததும் நாச்சி அண்ணன் கட்டைவிரல்தான்.

"பலகையை நேராப் பிடிக்கச் சொல்லும்மா," என்றார் சோலை அண்ணன், என்னிடம்.

"நேராத்தான் இருக்குன்னு சொல்லும்மா," என்றார் நாச்சி அண்ணன், அவரும் என்னிடம்.

"அமுக்கச் சொல்லு."

"அமுக்கித்தான் இருக்கேன்னு சொல்லு."

இப்படியே எட்டு இதழோடு ஒரு பூ வந்துவிட்டது. தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லில் பார்ப்போமே, அந்த மாதிரி. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தன. சோலை அண்ணன் மெனுவில் நிறம் ஊற்றுவதைத் தேர்ந்து, சிவப்பை எடுத்து, ஒரு இதழுக்குள் கொண்டுபோய் வைத்தார். நாச்சி அண்ணன் அமுக்கினார்.

இதழ் சிவந்தது. அடுத்த இதழ் சிவந்தது. பிறகு மெதுவாக, பூவைத் தாண்டி, மொத்தத் திரையும் சிவந்தது.

"ஏன்டா அமுக்குன? நான் சொல்லவே இல்லையே."

"நீ ஏன்டா ஓட்டை விட்ட? அங்குட்டுப் பாரு, மூலையில ஒரு புள்ளி தொறந்து கெடக்கு. நிறம் சும்மா இருக்குமா?"

"சின்னப்புள்ளையில இருந்து நீ அவசரக்குடுக்கைடா."

"நீ எதைத்தான் முழுசா மூடிருக்க?"

நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். யாரும் என்னை எதுவும் சொல்லச் சொல்லவில்லை.

ஒரு நொடி கழித்துத்தான் இருவருக்கும் உறைத்தது. சோலை அண்ணன் தொண்டையைச் செருமினார். நாச்சி அண்ணன் பலகையைக் கொஞ்சம் அவர் பக்கம் சாய்த்தார். மெனுவில், கடைசியாகச் செய்ததை மட்டும் திரும்ப எடுக்கிற வசதி ஒன்று உண்டு. ஒருவர் காட்ட, இன்னொருவர் அமுக்க, சிவப்பு போய்ப் பூ வந்தது. விடுபட்ட புள்ளியை அடைத்தார்கள்.

பேசாதவர்களைச் சேர்த்துவைக்க நாம் கல்யாணம் வரட்டும், காரியம் வரட்டும் என்று காத்திருக்கிறோம். அங்கேயும் ஆளுக்கொரு பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போய்விடலாமே? ஒருத்தராகச் செய்யவே முடியாத வேலை ஒன்று வேண்டும். முடிந்தால் வயர் குட்டையாக இருக்க வேண்டும்.

அப்புறம் பிள்ளைகள் பேனாவைப் பிடுங்கின. நாச்சி அண்ணன் பலகையை மட்டும் விடவில்லை. சோலை அண்ணன் பக்கத்தில் நின்று, "மூலையை மூடு, மூலையை மூடு," என்று ஒவ்வொரு பிள்ளையையும் விரட்டினார்.

"நீங்க வரையிறதா எழுதியிருந்தீகளே?" என்றார் டீச்சர் என்னிடம்.

வரிசையில்தான் நின்றேன், டீச்சர். மண்டபத்தைப் பூட்டும்வரை என் முறை வரவில்லை.