மழையில் ஒரு சொல்வதெழுதுதல்

நான்காம் ஆண்டு வகுப்பில் எங்களுக்குப் புதிதாக வந்த டீச்சருக்கு முகம் இருந்ததாகவே எனக்கு நினைவில்லை. தலையைச் சுற்றி, வாயையும் மூக்கையும் மூடி ஒரு சாம்பல் நிறச் சால்வை. அதற்கு மேலே மூக்குக்கண்ணாடி. அவ்வளவுதான் டீச்சர். மலேசியாவில் தெலுக் இந்தான் வெயிலில் பிறந்து வளர்ந்தவரைக் குளிரெடுக்கும் கேமரன் மலைக்கு, அதுவும் தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும் எங்கள் தமிழ்ப்பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். காலையில் பனிமூட்டம் வகுப்புக்குள்ளேயே வந்துவிடும். நாங்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஓடித் திரிவோம். டீச்சர் இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்குவார்.

எங்கள் வீட்டைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். அப்பா தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் நின்றார். அம்மா அதே தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பக்கம். உள்ளே போனால் இரைச்சலில் மண்டை அதிரும். அங்கே யாரும் குரலை நம்புவதில்லை. எதிரே வந்து நின்று, வாயை அகலத் திறந்து, கையையும் சேர்த்துக்கொண்டுதான் பேசுவார்கள். உள்ளங்கையைக் கவிழ்த்தால் இயந்திரத்தை நிறுத்து என்று பொருள். கட்டைவிரலை உதட்டருகே கொண்டுபோனால் தேநீர் வந்துவிட்டது. தூசிக்காக எல்லோரும் மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டியிருப்பார்கள். ஆனால் ஒருவரிடம் பேசும்போது அந்தத் துணியைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட வேண்டும். இழுக்காமல் பேசுகிறவனை மரியாதை தெரியாதவன் என்பார்கள்.

வேலை முடிந்து, தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகாது. அண்ணனுக்கும் அது ஒட்டிக்கொண்டிருந்தது. உப்பு டப்பாவை எடுக்கச் சொல்வதற்குக்கூட அம்மா அடுப்படியிலிருந்து வந்து என் முகத்துக்கு நேரே நின்று கையை ஆட்டுவாள். ஆகவே உலகத்தில் எல்லோரும் பார்த்துத்தான் கேட்கிறார்கள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். எனக்குக் காது சரியாகக் கேட்காது என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கும்தான்.

முதல் மூன்று ஆண்டுகளும் எங்களுக்குப் பாடம் எடுத்தவர் இடிமுழக்கக் குரல்காரர். மீசையை ஒட்டக் கத்தரித்து, வகுப்பைப் பார்த்தபடி, ஒவ்வொரு சொல்லையும் மென்று துப்புவார். அவரிடம் நான்தான் எப்போதும் முதலாவது. அந்தப் பெருமையை நான் அடக்கத்தோடு வைத்துக்கொள்ளவில்லை. பரிசாக வாங்கிய பென்சில் பெட்டியை மேசையில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில்தான் வைப்பேன்.

புதிய டீச்சர் வந்ததும் எல்லாம் தலைகீழானது. நான் உயரம் என்று கடைசி வரிசைக்கு அனுப்பினார். சால்வைக்குள்ளிருந்தே பாடம் நடத்தினார். சொல்வதெழுதுதல் என்றால் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே சொற்களைச் சொல்வார். எனக்கு அவர் காலணிகள் போவது தெரியும், திரும்புவது தெரியும், மற்றவர்கள் குனிந்து எழுதுவது தெரியும். எதை எழுதுகிறார்கள் என்பது மட்டும் தெரியாது. பக்கத்துப் பெண்ணின் புத்தகத்தை எட்டிப் பார்த்ததற்குத் திட்டு வாங்கினேன். கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை என்பதற்கு இன்னொரு திட்டு. முட்டைமேல் முட்டையாக வாங்கினேன். தூங்குமூஞ்சி என்று ஒரு பட்டப்பெயரும் வந்து சேர்ந்தது. என்னைப் பொறுத்தவரை டீச்சர் பேசுவதேயில்லை. பேசாத ஒருவர் எப்படிப் பாடம் நடத்துகிறார், அது எப்படி மற்றவர்களுக்கெல்லாம் புரிகிறது என்பதுதான் எனக்கு விளங்காத மர்மம்.

கேன்டீனை ஒட்டி ஓர் அறை இருந்தது. பாடத்தில் பின்தங்கியவர்களை அங்கே அனுப்பிவிடுவார்கள். போனவர் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அடுத்த வாரத்திலிருந்து எனக்கும் அங்கேதான் இடம் என்று முடிவானது. அதைச் சொல்லத்தான் அப்பாவைப் பள்ளிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். விஷயத்தைப் பக்கத்துப் பெண் மேசையில் எழுதிக் காட்டினாள். பென்சில் பெட்டியை எடுத்துப் பைக்குள் ஒளித்து வைத்தேன்.

அப்பா வேலைக்கு நடுவே, தேயிலைத் தூள் படிந்த சட்டையோடு வந்து வாசலில் நின்றார். அவர் வந்ததும் மழையும் வந்தது. எங்கள் வகுப்பின் கூரை தகரம். அதன்மேல் மலைமழை கொட்டினால் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. டீச்சர் சால்வைக்குள்ளிருந்து ஏதோ கத்தினார். அப்பா காதருகே கையைக் குவித்தார். டீச்சர் மறுபடியும் கத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. பாடம் நின்றுவிட்டதென்று வகுப்பே கும்மாளம் போட்டது.

அப்பா என்னைப் பார்த்தார். தொழிற்சாலையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பேசுவதுபோல், வாயையும் கையையும் அசைத்துக் கேட்டார்.

"என்னம்மா செஞ்ச? டீச்சர் எதுக்குக் கூப்பிட்டாங்க?"

நானும் கடைசி வரிசையிலிருந்து அதேபோல் பதில் சொன்னேன்.

"நான் ஒன்னும் செய்யலப்பா. டீச்சர்தான் எங்கிட்டப் பேசவே மாட்டேங்கிறாங்க. எப்பப் பாரு வாயை மூடிக்கிறாங்க."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை ஒரு பெரிய புகாராக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவரிடம் சொல்வதுபோல டீச்சரைப் பார்த்துத் தன் மூக்கைத் தொட்டு, விரலைத் தாடைக்குக் கீழே இழுத்துக் காட்டினார். துணியை இறக்குங்கள், பேசுவோம். அவ்வளவுதான் அதற்குப் பொருள்.

டீச்சர் அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னை. அந்த இரைச்சலில் நாங்கள் இருவரும் சாவகாசமாகப் பேசிக்கொண்டதை அவர் கவனித்திருக்கிறார். மெதுவாகச் சால்வையைக் கழுத்துக்கு இறக்கினார். வட்டமான முகம். மேலுதட்டுக்கு மேல் ஒரு மச்சம். அப்போதுதான் முதல்முறையாக டீச்சர் என்னோடு பேசினார்.

"நேத்து நடத்தின பாடம் என்ன?"

"தேனீக்கள்," என்று சொல்லிவிட்டு, முன்னால் போய்ப் பலகையில் பெரிதாக எழுதியும் காட்டினேன். முதல்நாள் பலகையில் தலைப்பைப் பார்த்திருந்தேன்; வீட்டில் புத்தகத்தை உருப்போடுவதையும் நான் விட்டதில்லை.

அவர் முகம் எப்படியோ ஆயிற்று. புத்தகத்தை எடுத்தார். எல்லோரும் எழுதுங்கள் என்று சைகை காட்டினார். வெளிச்சம் விழும் இடத்தில் நின்று, என்னையே பார்த்தபடி, ஒவ்வொரு சொல்லாக உச்சரிக்கத் தொடங்கினார். மழை இன்னும் வலுத்தது. வகுப்பு பேந்தப் பேந்த விழித்தது. புதிய டீச்சரிடம் முதல் மதிப்பெண் வாங்கும் பையன் பேனாவைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் எட்டிப் பார்த்தான். அங்கேயும் வெறும் தாள். நான் மட்டும் நிமிர்வதும் குனிவதுமாக எழுதித் தள்ளினேன். எல்லாம் எனக்குத் தெரிந்த பாடத்தின் சொற்கள். அன்றைக்கு அந்த வகுப்பில் என்னைத் தவிர எல்லோருக்கும் காது கேட்கவில்லை.

டீச்சர் என் மேசைக்கே வந்து திருத்தினார். ஒரே ஒரு சொல் தவறிவிட்டது. அதற்காக அவர்மேல் எனக்கு இன்றைக்கும் சின்ன வருத்தம் உண்டு. மற்றதெல்லாம் சரி. புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கி வகுப்புக்குக் காட்டினார். நான் பைக்குள்ளிருந்து பென்சில் பெட்டியை எடுத்து மேசையின் நடுவில் வைத்தேன். அந்த வயதில் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. ராஜாத்திபோல உட்கார்ந்திருந்தேன்.

மழை விட்டபிறகு நடந்ததைப் பக்கத்துப் பெண் சொல்லித்தான் தெரியும். டீச்சர் எனக்குப் பின்னால் போய் நின்று என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார். வகுப்பே திரும்பிப் பார்த்ததாம். நான் பென்சில் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேனாம். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாராம். பிறகு அப்பாவும் வந்து கூப்பிட்டாராம். நான் தலையைத் தூக்கியபோது அப்பா பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலியில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீச்சர் அவர் முன்னால் குனிந்து, முகத்தைக் காட்டி, நிதானமாகச் சொன்னதை நானும் பார்த்தேன்.

"உங்க மக மக்கு இல்லீங்கய்யா. நாந்தான் மூஞ்சிய மறைச்சுக்கிட்டு இருந்துட்டேன். இவ எங்கேயும் போக வேணாம், என் முன்னாடியே உக்காரட்டும்."

கேன்டீன் பக்கத்து அறைக்கு நான் போகவேயில்லை. மறுநாள் காலை என் மேசை முதல் வரிசைக்கு வந்துவிட்டது. அதன்பிறகு டீச்சர் பலகையைப் பார்த்துப் பேசியதில்லை. எழுதி முடித்துத் திரும்பி நின்றுதான் பேசுவார். யார் பதில் சொன்னாலும் முதலில் கையைத் தூக்க வேண்டும், நான் அந்தப் பக்கம் திரும்பிய பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். தொழிற்சாலைக் கைப்பேச்சை நான் கற்றுக்கொடுத்தேன். ஒரே மாதத்தில் வகுப்பு முழுவதும் தலைமையாசிரியர் முதுகுக்குப் பின்னால் அதில் அரட்டையடித்தது. ஈப்போ மருத்துவமனையில் சோதித்து, காதுக்குக் கருவி மாட்டினார்கள். தகரக் கூரையில் நல்ல மழை பெய்தால் இப்போது எனக்கும் மற்றவர்களைப் போல ஒன்றும் கேட்காது என்று பெருமையடித்தேன். அந்த ஆண்டின் கடைசியில் மறுபடியும் நான்தான் முதலாவது.

ஒன்றே ஒன்றுதான் மனதை உறுத்தியது. மழைநாளுக்குப் பிறகு டீச்சர் சால்வையோடு வகுப்புக்கு வரவேயில்லை. மூக்கு சிவந்திருக்கும், உதடு வெடித்திருக்கும், இருமிக்கொண்டே பாடம் எடுப்பார். பாவம், சால்வை தொலைந்துவிட்டது என்று நினைத்தேன். ஆசிரியர் தினத்துக்கு அம்மாவை நச்சரித்து, இரவுச் சந்தையில் கனமான ஆரஞ்சு நிற மப்ளர் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கண் கலங்கியது. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பள்ளிக்கு ஒருநாளும் அதைக் கட்டிக்கொண்டு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு ரிங்லெட் டவுனுக்குப் போனபோது டீச்சரைப் பார்த்தேன். தலை, காது, மூக்கு எல்லாவற்றையும் சேர்த்து என் ஆரஞ்சு மப்ளரைச் சுற்றிக்கொண்டு காய்கறி வாங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவசரமாக அதை இழுத்துத் தாடைக்குக் கீழே விட்டுவிட்டுத்தான் சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான் வாங்கிக் குடுத்தது புடிக்கலையா டீச்சர்?"

"ரொம்பப் புடிக்கும்லா. இப்பப் பாரு, எனக்குக் குளிரே இல்ல," என்றார். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வரும்வரை அம்மாவிடம் முறையிட்டுக்கொண்டே வந்தேன். நான் கொடுத்ததை நான் இருக்கும்போது மட்டும் கழற்றிவிடுகிறார், என்னைப் பிடிக்கவில்லை என்று. ஓடுகிற பஸ்ஸில் அம்மா என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, குளிருக்காக வாய்வரை சுற்றியிருந்த துணியைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, என்னையே பார்த்துச் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.