ஆக்னஸ் ஹாப்பருக்கு மாப்பிள்ளை பார்த்த புஷ்பவதி

நியூசிலாந்தில், ஆக்லாந்தில் இருக்கிற வெள்ளைக்காரர்களில் பாதிப் பேருக்கு அவர்களுடைய பாட்டன் பூட்டன் யார் என்று கண்டுபிடித்துக் கொடுத்தது எங்கள் புஷ்பவதிதான். பாதி என்பது சற்றுக் கூடுதல், ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒருவருக்குத்தான். ஆனால் அந்த ஒருவருக்கே பூட்டன் இரண்டு முறை மாறியதால் நானும் கொஞ்சம் தாராளமாகச் சொல்லிவிட்டேன்.

புஷ்பவதிக்குச் சொந்த ஊர் பெருந்துறைப் பக்கம். சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் எழுத்தராக இருந்தவள். தமிழோ இங்கிலீஷோ, கோழி கிளறியது போல எழுதிய பத்திரத்தையும் சினிமா போஸ்டரை வாசிக்கிற மாதிரி வாசிப்பாள். அது போக, ஊரில் கல்யாணப் பேச்சை எடுப்பவர்கள் முதலில் அவளிடம்தான் வருவார்கள். இரண்டு பக்கத்துத் தாத்தாக்களின் பெயரையும் குலக் கூட்டத்தையும் கேட்பாள். காப்பி ஆறுவதற்குள் கட்டிக்கிற முறையா, பங்காளியா என்று சொல்லிவிடுவாள். பங்காளி என்றால் அண்ணன் தங்கை. அதற்கு மேல் பேச்சில்லை.

மகன் பிரசாத் கூப்பிட்டான் என்று ஆக்லாந்தின் ஓரத்தில் இருக்கும் பாபகூராவுக்கு வந்து சேர்ந்தாள். மகனும் மருமகள் சிந்துவும் காலை ஏழு மணி ரயிலில் நகரத்துக்குப் போனால் வீடு திரும்ப ஆறு மணி ஆகும். ஊரில் வாரத்துக்கு நாற்பது பேர் வந்து கேட்டுப் போன மனுஷியிடம் இங்கே கேட்கப்பட்ட ஒரே கேள்வி, இந்த வாரம் வாசலில் வைப்பது மஞ்சள் மூடிக் குப்பைத் தொட்டியா, சிவப்பு மூடித் தொட்டியா என்பதுதான்.

பக்கத்து வீட்டு கோர்டன் வேலிக்கு மேலே பச்சைக் கொய்யா மாதிரி இருக்கும் பீஜோவா பழம் நீட்டுகிறவர். ஒருநாள் பழத்தோடு ஒரு காகிதக் கட்டையும் நீட்டினார். நானூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துக் கோயில் பதிவேட்டின் நகல்களும், ஒரு உயிலின் நகலும். அங்கே சஃபோக் என்ற மாவட்டத்தில் நிலம் வைத்திருந்த ஹாப்பர் குடும்பம்தான் தன் முன்னோர் என்றும், ஈஸ்டருக்கு எழுபது உறவினர்கள் கூடும்போது குடும்ப மரத்தைச் சுவரில் ஒட்டவேண்டும் என்றும், ஆனால் இந்தக் கையெழுத்து தனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை என்றும் சொன்னார். புஷ்பவதி நின்ற இடத்திலேயே அரைப் பக்கம் வாசித்துக் காட்டினாள்.

அவர் அவளைச் செவ்வாய்க்கிழமைகளில் கூடும் வம்சாவளிக் குழுவுக்குக் கூட்டிப்போனார். தலைவி ஷெர்லி, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. கண்ணில் புரை விழுந்ததிலிருந்து பழைய எழுத்தை வாசிக்க அவரால் முடியவில்லை. வாசித்துக்கொண்டிருந்த இன்னொருவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோய்விட்டதால் ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கோர்டனின் மரத்தைத் தப்பில்லாமல் போட்டுக்கொண்டு வந்தால் அந்த நாற்காலி உனக்கு என்றார் ஷெர்லி. அன்றிலிருந்து புஷ்பவதிக்குத் தூக்கத்திலும் அந்த நாற்காலிதான். வாரம் ஒருநாள், தேடி வந்து கேட்பதற்கு நாலு பேர்.

மூன்று வாரம் உட்கார்ந்தாள். சமையலறை மேசை முழுக்க ஹாப்பர்கள் பரவிக் கிடந்தார்கள். சிந்து தோசையை நின்றுகொண்டே சாப்பிட்டாள். எல்லாம் நன்றாகத்தான் போனது, 1633ஆம் வருஷம் வரும்வரைக்கும். அந்த வருஷப் பதிவில் வில்லியம் ஹாப்பருக்கும் ஆக்னஸ் ஹாப்பருக்கும் கல்யாணம் என்று எழுதியிருந்தது. ஒரே குடும்பப் பெயர். ஒரே ஊர். பங்காளி.

எழுதியவன் தூங்கி வழிந்திருக்கிறான் என்று புஷ்பவதி அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். ஒரே பெயரை இரண்டு தடவை எழுதும் குமாஸ்தாக்களை அவள் பார்க்காததா? உண்மையான மாப்பிள்ளையைத் தேடினாள், கிடைத்தான். ஆக்னஸின் அம்மாவுக்கு ஒரு தம்பி, அவன் பெயரும் வில்லியம்தான், வில்லியம் பிராட். தாய்மாமன். பெண்ணைவிட ஐந்து வயது மூத்தவன், கல்யாணம் ஆகாதவன். பிறந்த பிள்ளைகள் ஏன் பிராட் என்று இல்லாமல் ஹாப்பர் என்று இருக்கிறார்கள்? ஆக்னஸ் ஒரே பெண், நிலம் அவளுக்கு. மாப்பிள்ளை வீட்டோடு வந்து பெயரையும் மாற்றிக்கொண்டான். பெருந்துறையில் யாரைக் கேட்டாலும் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பார்கள்.

செவ்வாய்க்கிழமை, அதே தெருவில் குடியிருக்கும் நானும் துணைக்குப் போனேன். மேசையை மூடும் அளவுக்கு மரத்தை விரித்து, விரலால் ஒவ்வொரு கிளையாகத் தொட்டு விளக்கினாள். ஷெர்லி தலையாட்டிக்கொண்டே வந்தவர், 1633இல் நிறுத்தினார்.

“மாமனையா? சொந்த மாமனையா?”

“கூடப் பிறந்த தாய்மாமன்” என்றாள் புஷ்பவதி பெருமையாக.

ஷெர்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் காலத்தில் யார் யாரைக் கட்டக்கூடாது என்ற பட்டியலைக் கோயில் சுவரிலேயே மாட்டியிருப்பார்களாம். அதில் மாமனும் உண்டு. மீறினவர்களை வெள்ளைத் துப்பட்டி போர்த்தி ஊருக்கு முன்னால் நிற்கவைப்பார்களாம். கோர்டனின் முகம் பீஜோவா நிறத்துக்கு வந்தது. எழுபது பேர், அதில் அவருடைய அக்கா வேறு.

அப்படியானால் சித்தப்பா மகன், பெரியப்பா மகன் எல்லாம் பட்டியலில் உண்டுதானே என்று புஷ்பவதி கேட்டாள். இல்லை, அது சட்டப்படி செல்லும் என்றார் ஷெர்லி. புஷ்பவதி என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, அண்ணனக் கட்டிக்கலாமாமா. மாமனத்தான் கட்டக் கூடாதாமா. என்ன ஊருங்க அது?”

இந்தப் பக்கம் ஷெர்லி கூசினார், அந்தப் பக்கம் புஷ்பவதி கூசினாள். நடுவில் கோர்டன், மூன்றாவது மாப்பிள்ளை யாராவது இருக்கிறாரா என்று கேட்டார்.

ஆக்னஸின் அப்பா எழுதிய உயிலை முழுக்க வாசித்தாயா என்றார் ஷெர்லி. அங்கேதான் புஷ்பவதி மாட்டிக்கொண்டாள். முப்பத்தொரு வருஷப் பழக்கத்தில் அவள் நிலத்தையும் நான்கெல்லையையும்தான் வரிவரியாகப் பார்த்திருந்தாள். பின்பக்கத்தைத் திருப்பக்கூட இல்லை. இப்போது திருப்பினாள். ஒரே வரியை மூன்று முறை விரல் வைத்துப் படித்தாள்.

அவள் பார்த்த மாப்பிள்ளை தப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. “எழுத்து அழிஞ்சுபோச்சுன்னு சொல்லிடு புஷ்பா” என்றேன் மெதுவாக. “அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியாது. மாமன் வேண்டாம்னா வேற எவனையாவது பிடிச்சுக்கலாம்.”

“பத்திரத்துல இல்லாததச் சொன்னா அப்பறம் அந்த நாற்காலில எப்படிங்கக்கா உக்கார்றது?” என்றவள், சத்தமாக வாசித்தாள். மகள் ஆக்னஸ் என் அண்ணன் மகன் வில்லியமைக் கட்டிக்கொண்டால் நிலம் அவளுக்கு. மறுத்தால் நிலம் அவனுக்கு, அவளுக்கு ஆறு ஆடும் பித்தளை அண்டாவும். பதிவேட்டுக்காரன் தூங்கவே இல்லை. பெண்ணைப் பெற்றவனே முடித்துவைத்த சம்பந்தம்.

ஷெர்லியிடம் ரப்பர் வாங்கி, வில்லியம் பிராட்டைத் தேய்த்து அழித்தாள். அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் கோடு போடும்போது கண்ணை மூடிக்கொண்டாள். அதனால் கோடு கொஞ்சம் கோணல். மரத்தில் தப்பு இருந்தது, தன்னுடைய தப்பு, நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

உடனே அந்த அறையே எழுந்து நின்றது. பன்னிரண்டு பேரும் ஐந்து நிமிஷம் கைதட்டினார்கள். கோர்டன் தேம்பித் தேம்பி அழுதார். ஷெர்லி அந்த நாற்காலியைத் தன் கையாலேயே தூக்கிவந்து புஷ்பவதிக்குப் போட்டு, உன்னைப் போல ஒருத்தி இங்கிலாந்திலேயே கிடையாது என்றார்.

இதுவரை எழுதியதைப் புஷ்பவதியிடமே வாசித்துக் காட்டினேன். முறுக்கை வாயில் வைத்துக்கொண்டே கேட்டவள், இந்த இடத்தில் எடுத்துவிட்டாள்.

“ஏனுங்கக்கா, இருந்ததே நாலு பேருங்க. ஒருத்தரும் எந்திரிக்கல. கோர்டண்ணன் டீ போடப் போயிட்டாரு. ஷெர்லியம்மா சொன்னது ஒண்ணே ஒண்ணுதானுங்க. ‘அடுத்த செவ்வாக்கெழம பத்து மணிக்கே வந்துரு, தப்ப ஒத்துக்கறவங்க இங்க கொறச்சல். வர்றப்ப பின்பக்கமும் படிச்சுட்டு வா’ன்னாங்க.”