பதினொரு மாதப் பாதுகாப்பு

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், வடக்கே ரஞ்சன்காவில் கார்களுக்கு பிரேக் குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதனை சூப்பர்வைசர். வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. தவறு கண்டால் யாரும் எழுதலாம். எழுதுபவர் பெயர் ரகசியம். அவருக்கு முழுப் பாதுகாப்பு. அதைச் சட்டமிட்டு கேன்டீனில் கை கழுவும் இடத்துக்கு மேலே மாட்டினார்கள். தினமும் கை கழுவும்போது படித்துப் படித்து நான் நம்பிவிட்டேன்.

குழாய்களின் அழுத்தத்தைச் சோதிக்கும் மெஷின் அப்போது பழுதாகிக் கிடந்தது. ஆனாலும் ஒவ்வொரு பெட்டியோடும் 'சோதித்தோம்' என்ற சான்றிதழ் போனது. ஆலை மேலாளர் கையெழுத்துக் கேட்டார். முதல் வாரம் போட்டேன், அதை மறைப்பதற்கில்லை. அடுத்த வாரம், கோர்படி ரயில்வே கேட் அருகே, மகளைப் பின்னால் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பிரேக் பிடித்தேன். என் ஸ்கூட்டரில் அந்தக் குழாயே கிடையாது. ஆனாலும் அன்று மாலையே தலைமையகத்துக்கு எழுதினேன்.

நான்காம் நாள் கேன்டீனில் பரிமாறுபவர் என் தட்டில் கூடுதலாக ஒரு ஜிலேபி வைத்து, "சாப், அச்சா கியா" என்று இந்தியில் பாராட்டினார். என் பெயர் அவ்வளவு ரகசியமாக இருந்தது.

மனிதவள அதிகாரி மதுரைக்காரர், தமிழிலேயே பேசினார். "இங்க இருந்தா யாராச்சும் உங்கள ஏதாவது பேசிருவாங்க சார். உங்க பாதுகாப்புக்குத்தான் கேம்ப் ஆபீசுக்கு மாத்துறோம்."

"அங்க எனக்கு என்னங்க வேலை?"

"வேலை குடுத்தா தொல்லை குடுத்தோம்னு ஆயிருமே சார்!"

கேம்ப் என்ற நகரப் பகுதியில் இருந்த அந்த ஆபீசில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு ஃபேன். யாரும் கூப்பிட்டு மிரட்டிவிடக் கூடாது என்று போன் வைக்கவில்லை. சம்பளம் மட்டும் தவறாமல் வந்தது. பழைய சகாக்கள் வந்தால் படிக்கட்டிலேயே நின்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

பக்கத்துத் தெரு வக்கீலிடம் போனேன். நான் தொழிலாளியாக இருந்தால் போக ஒரு கோர்ட் உண்டாம், சூப்பர்வைசருக்கு இல்லையாம். அரசு ஊழியராக இருந்தால் புகார் சொன்னவரைக் காக்க ஒரு உத்தரவு உண்டாம், தனியாருக்கு இல்லையாம். "வேலையை விட்டு எடுத்தார்களா? சம்பளத்தைக் குறைத்தார்களா?" என்று இந்தியில் கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். அப்புறம் என்ன குறை என்றார். ஃபீஸைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

"ஏனுங்க, சும்மா உக்காந்து சம்பளம் வாங்க அவனவன் தவம் கெடக்கறான். நீங்க என்னத்துக்கு இப்படி எளைச்சுப் போறீங்க?" என்றாள் மனைவி. கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் என் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள்.

பதினோராவது மாதம் விசாரணை முடிந்தது. நான் எழுதியதெல்லாம் உண்மை என்றார்கள். புது மெஷின் வந்தது. போன பெட்டிகளைத் திருப்பி வாங்கினார்கள். எல்லோரையும் கூட்டி, நேர்மையை வளர்த்ததற்காக ஆலை மேலாளருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

மதுரைக்காரர் என் காதருகே குனிந்து, "உங்க பேரச் சொல்லத்தான் ஆசை சார். ரகசியமாச்சே!" என்றார்.

நானும் கைதட்டினேன். தட்டாவிட்டால் புகார் எழுதியது யார் என்று தெரிந்துபோகுமே.

அடுத்த மாதம் ராஜினாமா செய்தேன். வேறொரு கம்பெனி நேர்முகத்தில் காரணம் கேட்டபோது நடந்ததைச் சொன்னேன். எதிரில் இருந்தவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இங்கேயும் எழுதுவீர்களா?"

"மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்வரை எழுத மாட்டேன்."

டீயைக் குடித்து முடித்துவிட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார்.