வண்டலுக்கு அடியில்

பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு ஓடிவிட்டான் என்கிறீர்களே, யார் கண்டது? அவன் வீட்டை விட்டுக் கிளம்பியது நிஜம். ஓடவில்லை. நடந்துதான் போனான், அதுவும் தோளில் மண்வெட்டியோடு. ஓடுகிறவன் மண்வெட்டியா எடுத்துப் போவான்?

'சுத்தியல்' என்று அவனுக்குப் பெயர் வைத்ததே இந்தத் தெருதான். மழைத்தண்ணீர் போகச் சாலைக்கு அடியில் புதைத்த இரும்புக் குழாய்களுக்குள் குனிந்து நுழைவான், சுத்தியலால் தட்டிப் பார்ப்பான். கணீரென்றால் இரும்பு கெட்டி. மொத்தென்றால் துரு தின்றுவிட்டது. இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்வது அவன் வேலை. குழாய்க்குள் போனால் அவனுக்கு உலகமே வேறு. எதிர்முனையில் வெளிச்சம் நிலாப்போல வட்டமாய் நிற்கும். மேலே வண்டி போனால், தூக்கத்தில் புரளுகிற மாதிரி குழாய் மெல்ல முனகும். வீட்டுக்கு வந்த பிறகும் பாதி ஆள் அங்கேதான் இருப்பான். சாப்பாட்டுத் தட்டை விரலால் தட்டிக்கொண்டிருப்பான்.

"தட்டு இன்னும் எத்தனை வருஷம் வருமாம்?" என்பாள் மனைவி.

"உன் வாயைவிடக் கம்மிதான்."

போன மாதம், அவன் நல்லதென்று சொன்ன குழாய்க்கு மேலே சாலை உள்வாங்கியது. பால்வண்டி சக்கரம் இறங்கி, ஓட்டுநருக்குக் கால் முறிந்தது. தோண்டினார்கள். குழாயின் மேற்புறமும் பக்கங்களும் பளபளவென்று இருந்தன. அடிப்பாகம்தான் இல்லை. வண்டல் படிந்த இடத்தில் ஈரம் காயாமல் கிடந்து அரித்துவிட்டது; அந்த ஓட்டை வழியே தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு போயிருக்கிறது. அவன் எப்போதும் வண்டலுக்கு மேலேதான் தட்டியிருந்தான்.

அன்றிலிருந்து கண்ணை மூடினால் ஒரே கனவு. மெத்தை போன்ற வண்டலில் நடக்கிறான். காலுக்கடியில் இரும்பே இல்லை. நடை மட்டும் நிற்கவில்லை.

"எல்லாரும் அப்படித்தானே தட்டுறீங்க?" என்றாள் மனைவி.

"எல்லாரும் தட்டினா அடி கெட்டியாயிடுமா?"

"ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?"

"மழைக்கப்புறம் பாக்கலாமாம். மழையிலதான் எல்லாம் உள்வாங்கும்."

"அப்போ நீங்க எத்தனை குழாயைப் பாக்கணும்?"

"நான் நல்லா இருக்குன்னு சொன்னது அத்தனையும். வண்டலை வாரிட்டு அடியைத் தட்டணும். மோசமா இருந்தா ரோட்டை மறிச்சுட்டு அடுத்ததுக்குப் போவேன்."

அவள் சோற்றைக் கட்டினாள். தெருவுக்குக் கேட்ட சத்தம், அவன் டார்ச்சை மறந்ததற்கு அவள் போட்டது. வாங்கிக்கொண்டு படியிறங்கினான். வானம் இருண்டிருந்தது, இன்னும் ஒரு துளிகூட விழவில்லை. தரையைப் பார்த்தபடியே, தூக்கத்தில் நடப்பவன்போல, முதல் குழாய் இருக்கும் பக்கம் நடந்தான்.