அக்காவுக்காக வளர்த்த சிறுநீரகம்

ஸ்கேன் அறைக்கு வெளியே நர்ஸ் என் மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். சோப்பு போட்டும் வரவில்லை. விரல் வீங்கியிருந்தது. "ஜிம் மாஸ்டர் கை சிஸ்டர், அப்படித்தான் இருக்கும்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டாக்டரைக் கூப்பிட்டார்.

உங்கள் வீட்டிலும் யாராவது சிறுநீரகம் கொடுக்கத் தயாராகிக்கொண்டிருக்கலாம். என் முட்டாள்தனம் அவர்களுக்காவது பயன்படட்டும்.

ஸ்டெல்லா அக்காவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் நீலசந்திராவிலிருந்து ஆட்டோவில் டயாலிசிஸுக்கு (இயந்திரத்தின் வழியே ரத்தத்தைச் சுத்திகரிப்பது) கூட்டிப்போவேன். என் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தியது. முதல் பரிசோதனையில் என் ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகங்கள் ஒரு நிமிடத்தில் வடிகட்டும் அளவு) வழக்கத்தைவிட அதிகமாக வந்தது. வீட்டில் கேக் வெட்டாத குறைதான். அக்கா அந்தத் தாளைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்ற கேள்விக்கு 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தேன். பொய். ஆணழகன் போட்டிக்காக வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். ஈஜிபுராவில் நான் வேலை பார்த்த ஜிம்மில் அது காபி குடிப்பதுபோல. அந்த எண்ணைப் பார்த்ததும், அக்காவுக்குப் போகிற சிறுநீரகம் இன்னும் பலமாகட்டுமே என்று ஊசியின் அளவை இரட்டிப்பாக்கினேன். யாரையும் கேட்கவில்லை. உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாததா என்கிற திமிர்.

நர்ஸ் கூப்பிட்டு வந்த டாக்டர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். ரத்தத்தில் சர்க்கரையும் ஏறியிருந்தது. "என்ன ஊசி போடறீங்க?" என்று நேராகக் கேட்டார். சொல்லிவிட்டேன்.

"நல்லா இருக்கிற ஆளுக்கும் இந்த ஹார்மோன் கிட்னியை விரட்டி வேலை வாங்கும். ரத்த ஓட்டம் கூடும், வடிகட்டறதும் கூடும். அது பலம் இல்ல. நிறுத்தினா இறங்கிடும். உங்க உண்மையான அளவு தெரியாம நான் ஒண்ணை எடுக்க முடியாது. மூணு மாசம் நிறுத்திட்டு வாங்க."

"அக்காவுக்கு மூணு மாசம் இருக்கா டாக்டர்?"

"அதை ஊசி போடறப்ப யோசிச்சிருக்கணும்."

அக்காவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. தலையணைக்கடியிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். "இந்தாடா, உன் மார்க் ஷீட்டு. ஜிம்ல மாட்டிக்க." அதன் பிறகு தன் வீட்டுக்காரரோடுதான் டயாலிசிஸுக்குப் போனாள்.

ஒன்பதாவது வாரம் டயாலிசிஸ் குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்தது. நான்கே நாள். கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போது அக்கா வீட்டுக்காரர் என் காதருகே வந்து, "உன்னோடது ரெண்டும் பத்திரமா இருக்கா?" என்று கேட்டார்.

மூன்று மாதம் முடிந்த அன்று மருத்துவமனைக்குப் போனேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை. மோதிரம் சோப்பில்லாமல் கழன்றது. சர்க்கரை இறங்கிவிட்டது. ஜி.எஃப்.ஆர். எல்லாரையும்போல சாதாரணமாக இருந்தது. ஊசியைத் தொடாமலே இருந்திருந்தால் முதல் நாளே வந்திருக்கக்கூடிய எண் அது.

"இது தாராளமா போதும். அக்காவை எப்ப அட்மிட் பண்றீங்க?" என்றார் டாக்டர். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இப்போதும் வாரம் மூன்று நாள், ஆட்டோ பிடிக்கிற நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. படுத்தபடியே இடுப்புக்கு மேலே இடது பக்கம் கை வைத்துப் பார்க்கிறேன். அங்கே இருப்பது அக்காவுடையது. நன்றாகவே வேலை செய்கிறது.