பல் மழுங்கிய சீப்பு

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டு, கடையில் தொங்கும் சீப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் முன்கையின் உட்புறத்தில் இழுத்துப் பார்க்கிறார் ஒவீதியோ மான்சில்யா. சிவப்பாகக் கோடு விழுந்தால் திருப்பி மாட்டிவிடுகிறார். "நாய்க்கா, உங்களுக்கா?" என்கிறாள் கடைக்காரி தொமித்திலா. அவர் அடுத்த சீப்பை எடுக்கிறார்.

சிலி நாட்டின் தென்கோடியில், புந்தா அரேனாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். சூறைக்காற்றில் ஆடும் கூண்டுக்குள் உட்கார்ந்து நிதானமாக ரொட்டி தின்றவர். நாய் என்றால் மட்டும் அவருக்குக் குலை நடுங்கும். சின்ன வயதில் ஆட்டுப்பண்ணை நாய் ஒன்று கவ்விய கன்னம் இன்னும் குழிந்தே இருக்கிறது. அந்த இடத்தில் தாடி முளைப்பதில்லை. தெருவில் நாய் வந்தால், கடை ஜன்னலை வேடிக்கை பார்ப்பவர்போலச் சுவரோடு ஒட்டிக்கொள்வார்.

மகள் யஸ்னா, கப்பலில் சமையல் வேலை கிடைத்துத் தென்துருவப் பக்கம் போனபோது, புரூமா என்ற தன் பனிநாயை அவரிடம் விட்டுப்போனாள். "பயமா இருந்தா சொல்லிடுங்கப்பா, வேற யார்கிட்டயாவது விடுறேன்" என்றாள். எனக்கென்ன பயம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தீனித் தட்டைத் துடைப்பக் கட்டையால்தான் தள்ளுகிறார். படுக்கும்போது அறைக் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுக்கிறார்.

வசந்தம் வந்ததும் புரூமாவின் அடிமயிர் கழன்றது. மேலே முரட்டு மயிர், அடியில் பஞ்சு. உதிர்ந்த பஞ்சு வெளியே வர வழியில்லாமல் தொடையெல்லாம் சடை பிடித்துவிட்டது. தகடு வைத்த சீப்பு ஒன்றைப் பளபளப்பைப் பார்த்து வாங்கிவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தார். புரூமா திரும்பி அவர் மணிக்கட்டைக் கவ்வியது. கடிக்கவில்லை, பற்களுக்கு நடுவே சும்மா வைத்திருந்தது. அதன் மூச்சுச் சூடு கையில் பட்ட நேரம் முழுக்க அவர் மூச்சு விடவில்லை. அது விட்டதும் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

இப்போது சடையிலிருந்து வாடை வருகிறது. மொட்டையடித்துவிடலாமா என்று தொமித்திலாவைக் கேட்கிறார்.

"இந்தக் காத்துல மொட்டையா? உங்களைத் துணியில்லாம கடற்கரையில நிறுத்தினா தெரியும். வெட்டினா பழையபடி வளராது பெரியவரே. அங்க தொங்குற தகட்டுச் சீப்பு மேல்மயிரை அறுத்துடும், மெல்லிசுக் கம்பி தோலைக் கீறிடும். இதைப் பாருங்க, பல்லு நீளம், முனை மழுங்கல். அடிவரைக்கும் போகும், குத்தாது."

"பிடி இன்னும் நீளமா கிடைக்குமா?"

"எவ்வளவு நீளம்?"

அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுகிறார். சிரிக்கத் தொடங்கிய தொமித்திலா, அவர் கன்னத்துக் குழியைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறாள்.

மாலையில் சமையலறைக் கதவைத் திறந்து வைத்து, ஓடத் தோதாக ஒரு காலை வாசலுக்கு வெளியே ஊன்றிக்கொண்டு, புதிதாக வாங்கிய சீப்பால் சடையை நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கிறார். சாம்பல் நிறப் பஞ்சு தரையில் குவிகிறது. அடியில் தோல் வெந்து ஈரமாகக் கிடக்கிறது. சீப்பு அதன் பக்கம் போனதும் புரூமாவின் தொண்டைக்குள் உறுமல் எழுகிறது. அவர் சீப்பை நிறுத்துகிறார்.

"தெரியுதும்மா. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

உறுமல் நிற்கவில்லை. கடல்காற்று உள்ளே அடித்து ரணத்தில் படவும் நாயின் உடம்பு சிலிர்க்கிறது. ஒவீதியோ வெளியே ஊன்றிய காலை உள்ளே இழுத்துக்கொண்டு, கதவைச் சாத்துகிறார்.